பானையை உடைத்தது யார்?

இங்கிலீஷ் கிராமர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட்டு விடுகதைக்கு ஓடப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இன்றைக்கு நாம் ஒரு துப்பறியும் வேலை செய்யப் போகிறோம். கிராமர் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது!

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை லீவுக்கு அம்மிச்சி வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பையன், வாசலில் தனியாக கிரிக்கெட் விளையாடிக் கொண்டிருக்கிறான். தென்னைமட்டைதான் பேட். ஓங்கி ஒரு அடி... டமார்! திண்ணை ஓரத்தில் குடிதண்ணீர் வைத்திருந்த மண்பானை நொறுங்கியது. வாசலெல்லாம் தண்ணீர்.

உள்ளேயிருந்து அம்மிச்சி குரல் கொடுத்தார். "ஏங்கண்ணு, அதென்ன சத்தம்?"

"பானை உடைஞ்சு போச்சுங்க அம்மிச்சி."

"தானாவா உடைஞ்சுது?"

"இல்லீங்க... பந்து பட்டுருச்சுங்க."

"பந்து தானா வந்து பட்டுச்சா கண்ணு?"

பையன் கப்சிப்!

அம்மிச்சி இங்கிலீஷ் படித்ததில்லை. ஆனால், ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் பாடத்தின் மிக முக்கியமான கேள்வியை அவர் கேட்டுவிட்டார். 'செய்தது யார்?' என்பதுதான் அந்தக் கேள்வி!

ஒரு பானை... நாலு வாக்கியம்!

உடைந்த பானையைப் பற்றி இங்கிலீஷில் நாலு விதமாகச் சொல்லலாம். சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

1. தி பாய் புரோக் தி பாட். பையன் பானையை உடைத்தான்.

2. தி பாட் வாஸ் புரோக்கன் பை தி பாய். பானை பையனால் உடைக்கப்பட்டது.

3. தி பாட் வாஸ் புரோக்கன். பானை உடைக்கப்பட்டது.

4. தி பாட் புரோக். பானை உடைந்தது.

நடந்தது ஒன்றேதான். ஆனால், பையன் எங்கே நிற்கிறான் என்று கவனித்தீர்களா? முதல் வாக்கியத்தில் முன்வரிசையில் நிற்கிறான். இரண்டாவதில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். மூன்றாவதில் வகுப்பை விட்டே வெளியே போய்விட்டான். 'யாரோ உடைத்தார்கள்' என்பது மட்டும் தெரிகிறது. நாலாவதில் அந்த 'யாரோ' கூட இல்லை. பானை தானாகவே உடைந்தது போல இருக்கிறது!

முதல் வாக்கியம்தான் ஆக்டிவ் வாய்ஸ். தமிழில் செய்வினை. வேலையைச் செய்தவர் எழுவாயாக முன்னால் நிற்பார். இரண்டாவதும் மூன்றாவதும் பாஸிவ் வாய்ஸ். தமிழில் செயப்பாட்டுவினை. இதில் பாதிக்கப்பட்ட பொருள் முன்னால் வந்து நிற்கும். நாலாவது வாக்கியத்தில் 'வாஸ்' இல்லை, பானைதான் எழுவாய். எனவே அது பாஸிவ் அல்ல. நம் பையன் அம்மிச்சியிடம் சொன்னது இந்த நாலாவதைத்தான்!

இந்த மாதிரிப் பேச்சு நமக்குப் புதிது அல்ல. திண்ணையை யாரோ ஒருவர்தான் மெழுகுகிறார். ஆனால், திண்ணையே அந்த வேலையைச் செய்ததுபோலச் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்திலேயே இருந்தது. வேலைக்கு ஆளான பொருளையே வேலை செய்ததுபோலச் சொல்வதும் மரபுதான் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது. அதற்கு உரை எழுதியவர்கள் காட்டும் உதாரணம் இந்தத் திண்ணைதான்!

இங்கிலீஷுக்கு பாஸிவ் எதற்கு?

'பூனை எலியைப் பிடித்தது' என்று சொல்லுங்கள். இப்போது இடம் மாற்றி, 'எலியைப் பூனை பிடித்தது' என்று சொல்லுங்கள். பொருள் மாறியதா? இல்லை. எலிக்குப் பின்னால் 'ஐ' என்ற வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலி எங்கே போய் நின்றாலும், பிடிபட்டது அதுதான் என்று அந்த 'ஐ' காட்டிக் கொடுத்துவிடும்.

இங்கிலீஷில் இப்படிச் செய்து பாருங்கள். 'தி கேட் காட் தி ரேட்' என்பதை இடம் மாற்றினால் 'தி ரேட் காட் தி கேட்' என்று ஆகும். ஐயோ, எலி பூனையைப் பிடித்துவிட்டது! இங்கிலீஷில் பெயர்ச்சொற்களுக்கு 'ஐ' மாதிரி உருபு கிடையாது. நிற்கும் இடத்தை வைத்துத்தான் யார் செய்தது, யாருக்கு நடந்தது என்று தெரியும்.

அப்படியானால் எலியைப் பற்றி முதலில் பேச என்ன செய்வது? வினைச்சொல்லை மாற்ற வேண்டும். 'தி ரேட் வாஸ் காட் பை தி கேட்.' இதற்காகத்தான் பாஸிவ் வாய்ஸ். பரீட்சையில் நம்மைப் பயமுறுத்துவதற்காக யாரும் அதை உருவாக்கவில்லை!

மாற்றுவது எப்படி?

பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போவோமா? செவ்வாயும் வியாழனும் சந்தை கூடும். அங்கே மாமா ஒரு காளையை விற்கிறார். 'மை அங்கிள் செல்ஸ் தி புல்.' இதை பாஸிவாக மாற்ற நாலு படிகள் போதும்.

முதல் படி: வினைச்சொல்லிடம் 'யாரை? எதை?' என்று கேளுங்கள். எதை விற்கிறார்? காளையை. அதுதான் செயப்படுபொருள். அதை முன்னால் கொண்டு வாருங்கள். 'தி புல்...'

இரண்டாம் படி: காலத்துக்கு ஏற்ற 'பி' வினையைப் போடுங்கள். நிகழ்காலத்துக்கு ஆம், இஸ், ஆர். இறந்தகாலத்துக்கு வாஸ், வேர். இங்கே 'இஸ்'.

மூன்றாம் படி: வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தை எழுதுங்கள். 'கோ, வென்ட், கான்' என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அதில் மூன்றாவதாக வருவது. இதற்கு பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்று பெயர். 'செல், சோல்டு, சோல்டு' என்பதில் மூன்றாவது 'சோல்டு'.

நாலாம் படி: தேவையென்றால் 'பை' போட்டுச் செய்தவரைச் சேருங்கள்.

விடை ரெடி! 'தி புல் இஸ் சோல்டு பை மை அங்கிள்.'

காலம் மாறினால் நடுவில் இருக்கும் வினை மட்டும் மாறும். இந்தப் பட்டியலை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செல்ஸ் – இஸ் சோல்டு
இஸ் செல்லிங் – இஸ் பீயிங் சோல்டு
ஹாஸ் சோல்டு – ஹாஸ் பீன் சோல்டு
சோல்டு – வாஸ் சோல்டு
வாஸ் செல்லிங் – வாஸ் பீயிங் சோல்டு
ஹாட் சோல்டு – ஹாட் பீன் சோல்டு
வில் செல் – வில் பி சோல்டு
கேன் செல் – கேன் பி சோல்டு

வலது பக்கம் கடைசிச் சொல்லைப் பாருங்கள். எல்லா வரியிலும் 'சோல்டு' அசையாமல் உட்கார்ந்திருக்கிறது! இடது பக்கம் 'இங்' வந்தால் வலது பக்கம் 'பீயிங்' வரும். ஹாஸ், ஹாட் வந்தால் 'பீன்' வரும். வில், கேன் வந்தால் 'பி' வரும். அவ்வளவுதான்.

பிரதிப்பெயர்கள் கடைசிக்குப் போகும்போது உருவம் மாறும் என்பதை மறக்காதீர்கள். 'ஐ' என்பது 'பை மீ' ஆகும். 'ஹி' என்பது 'பை ஹிம்'. 'ஷி' என்பது 'பை ஹர்'. 'வி' என்பது 'பை அஸ்'. 'தே' என்பது 'பை தெம்'.

இன்னொரு சின்ன விஷயம். செய்த ஆளுக்கு 'பை', கருவிக்கு 'வித்'. இளநீரைக் கடைக்காரர் அரிவாளால் வெட்டினார் என்றால், கடைக்காரருக்கு முன்னால் 'பை' வரும். அரிவாளுக்கு முன்னால் 'வித்' வரும்.

இந்தக் குழியில் விழாதீர்கள்!

எல்லா வாக்கியத்தையும் பாஸிவாக மாற்ற முடியாது. 'தேங்காய் விழுந்தது' என்பதில் 'எதை விழுந்தது?' என்று கேட்டால் விடை வருமா? வராது. செயப்படுபொருள் இல்லாத வினைக்கு பாஸிவ் கிடையாது. கோ, கம், ஸ்லீப், ஃபால், அரைவ், டை, ஹாப்பன் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

பெரியவர்கள்கூட 'ஆன் ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பன்டு' என்று எழுதுவதுண்டு. தவறு! 'ஆன் ஆக்ஸிடென்ட் ஹாப்பன்டு' என்பதே சரி. 'வாட் வாஸ் ஹாப்பன்டு?' என்று கேட்பதும் தவறு. 'வாட் ஹாப்பன்டு?' என்று கேளுங்கள்.

எப்போது பாஸிவ் நல்லது?

'செய்தவரை மறைப்பதுதான் பாஸிவ் என்றால், அது கெட்டபிள்ளையா?' என்று கேட்கத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. சில இடங்களில் அதுதான் பொருத்தம்.

சி.சுப்பிரமணியம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910ல் பிறந்தவர். மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவர். அவருக்கு 1998ல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 'சி.சுப்ரமணியம் வாஸ் அவார்டட் தி பாரத் ரத்னா இன் 1998.' இங்கே நாம் பேச விரும்புவது விருது பெற்றவரைப் பற்றி. அவர்தானே முன்னால் நிற்க வேண்டும்? பாஸிவ் சரியான தேர்வு.

செய்முறையை விளக்கும்போதும் அப்படித்தான். பொள்ளாச்சிப் பக்கம் களத்தில் கொப்பரை காய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காய்கள் உடைக்கப்படுகின்றன. பருப்பு வெயிலில் காயவைக்கப்படுகிறது. பிறகு எண்ணெய் ஆட்டப்படுகிறது. 'தி கோகனட்ஸ் ஆர் புரோக்கன். தி கெர்னல்ஸ் ஆர் டிரைடு இன் தி சன். ஆயில் இஸ் எக்ஸ்டிராக்டட்.' இங்கே வேலைதான் முக்கியம், ஆள் அல்ல. சயின்ஸ் ரெக்கார்டு நோட்டில் 'தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்' என்று எழுதுவதும் இதனால்தான்.

செய்தது யார் என்றே தெரியாதபோதும் பாஸிவ் கைகொடுக்கும். சைக்கிள் திருடு போனால், 'மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்' என்றுதானே சொல்ல முடியும்? திருடனின் பெயர் தெரிந்தால் நேராகப் பிடித்துவிட மாட்டோமா!

பேப்பரில் பாஸிவைத் தேடுங்கள்

2022 செப்டம்பரில் பொள்ளாச்சி விவசாயிகளைப் பதறவைத்த ஒரு சம்பவம் நடந்தது. பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டது. சேர்த்து வைத்திருந்த தண்ணீர் இரவோடு இரவாகப் பாய்ந்து வெளியேறியது. 'எ ஷட்டர் வாஸ் வாஷ்ட் அவே.' அடித்துச் சென்றது வெள்ளம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் 'பை தி வாட்டர்' என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? 'மதகு ஏன் உடைந்தது? அதைப் பராமரிப்பது யார்?' என்பதுதானே! மதகுக்கு என்ன ஆனது என்பதை பாஸிவ் வாக்கியம் சரியாகவே சொன்னது. பொறுப்பு யாருடையது என்பதை அது சொல்லவில்லை. அதற்கு நாம் அம்மிச்சி மாதிரி இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு வாக்கியம். 'மலையைக் குடைந்து சுரங்கங்கள் வெட்டப்பட்டன.' ஊரில் பி.ஏ.பி. என்று சொல்கிறோமே, அந்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தைப் பற்றித்தான். எட்டு ஆறுகளின் தண்ணீரை அணைகள், சுரங்கங்கள், கால்வாய்கள் வழியாக இணைக்கும் பெரிய திட்டம் அது. வாக்கியத்தில் தப்பே இல்லை. ஆனால், வெட்டியது யார்? யானையும் புலியும் உலவிய ஆனைமலைக் காட்டில், பாறையோடு போராடிய தொழிலாளர்கள்! 'வெட்டப்பட்டன' என்ற ஒரே சொல்லுக்குள் அவர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள்.

ஆக, பாஸிவில் தப்பு செய்தவர்கள் மட்டுமல்ல, நல்லது செய்தவர்களும் மறைந்துபோவார்கள். அடுத்த முறை ஆழியாறு அணைமேல் நடக்கும்போது, 'இதைக் கட்டியது யார்?' என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அதிபரே மாற்றிக்கொண்டார்!

ஒளிந்துகொள்ள பாஸிவைப் பயன்படுத்துவது குட்டீஸ் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ரொனால்ட் ரீகன் அதிபராக இருந்தபோது, ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தது. 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய அவர், 'பெரிய தவறுகள் செய்யப்பட்டுவிட்டன' என்ற பொருளில் சொன்னார். செய்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை!

மக்கள் அதை விடவில்லை. கேள்விகள் தொடர்ந்தன. அந்த ஆண்டு மார்ச் மாதம் டி.வி.யில் மக்களிடம் மறுபடியும் பேசினார். என் செயல்களுக்கும் என் அரசின் செயல்களுக்கும் நானே முழுப் பொறுப்பு ஏற்கிறேன் என்று இந்த முறை சொன்னார். இரண்டு மாதத்துக்குள் பாஸிவ் ஆக்டிவாகிவிட்டது! 'ஐ' என்ற ஒற்றை எழுத்துச் சொல்லை முன்னால் கொண்டு வர, ஒரு நாட்டின் அதிபருக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

சரி, நம் பையன் என்ன ஆனான்?

கொஞ்ச நேரம் தென்னைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக உள்ளே போனான்.

"அம்மிச்சி... பானையை நான்தானுங்க உடைச்சேன்."

அம்மிச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா சாமி? போய் அந்த ஓட்டைப் பொறுக்கிப் போடு. காலுல குத்திக்கப் போறே. நாளைக்குச் சந்தைக்குப் போகையில உன் கையாலயே புதுப்பானை தூக்கிட்டு வரோணும், ஆமா!"

அடி விழவில்லை. ஆனால், மறுநாள் சந்தையிலிருந்து வீடு வரைக்கும் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தான். கை வலித்தது. மனசு லேசாக இருந்தது.

பார்த்தீர்களா குட்டீஸ்? ஆக்டிவா, பாஸிவா என்பது ரெண்டு மார்க் கேள்வி மட்டும் இல்லை. யாரை முன்னால் நிறுத்துகிறோம், யாரைப் பின்னால் மறைக்கிறோம் என்று நாம் செய்யும் முடிவு அது. பரிசு வாங்கியவரைப் பற்றிச் சொல்ல பாஸிவ் அழகு. உழைத்தவரைப் பற்றிச் சொல்ல ஆக்டிவ் மரியாதை. தப்பு நம்முடையது என்றால்... ஆக்டிவ் மட்டும்தான்!

உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட்

முதல் நாலையும் பாஸிவாக மாற்றுங்கள். ஐந்தாவதை ஆக்டிவாக மாற்றுங்கள். விடையை எட்டிப் பார்க்கக் கூடாது!

1. தி கோட் ஏட் தி பிளான்ட்ஸ்.
2. ஷி இஸ் டிராயிங் எ கோலம்.
3. தி பஸ் அரைவ்டு.
4. தே வில் ஓப்பன் தி ஷட்டர்ஸ்.
5. யுவர் புக் வாஸ் டோர்ன்.

விடைகள்:

1. தி பிளான்ட்ஸ் வேர் ஈட்டன் பை தி கோட். செடிகள் நிறைய இருப்பதால் 'வேர்'.

2. எ கோலம் இஸ் பீயிங் டிரான் பை ஹர்.

3. மாற்ற முடியாது. 'எதை?' என்ற கேள்விக்கு விடை இல்லையே!

4. தி ஷட்டர்ஸ் வில் பி ஓப்பன்டு. 'பை தெம்' போட்டாலும் தவறில்லை, விட்டாலும் தவறில்லை.

5. யாரோ கிழித்திருந்தால், 'சம்ஒன் டோர் யுவர் புக்.' கிழித்தது நீங்களே என்றால், 'ஐ டோர் யுவர் புக்.' இதை மட்டும் நோட்டில் எழுதினால் போதாது. புத்தகத்துக்குச் சொந்தக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்!